பொதுக் கிணறும் கை வாளியும்

(ஜமாஅத்தின் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

    

இணையத் தொழில்நுட்பமும் வருங்காலக் கல்வியும் என்பது இன்று நமக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பாகும். மதரஸாவில் ஓதியவருக்கு இத்தலைப்பில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். உண்மைதான். நாம் ஓதிய காலத்தில் கணினியைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. ஆயினும், மக்களின் பிழைப்பையும் பிள்ளைகளின் படிப்பையும் ஒருசேர மாற்றி அமைக்கும் ஒன்றைக் குறித்து, அறிவுரை கூறும் இடத்தில் இருப்போர் அறியாதிருப்பது அழகன்று.

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவுபடுத்த விரும்புகிறோம். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகே செர்ன் என்னும் ஆராய்ச்சிக் கூடம் உள்ளது. பல நாட்டு விஞ்ஞானிகள் கூடிப் பணியாற்றும் இடம் அது. ஒவ்வொருவரும் வெவ்வேறு வகைக் கணினியைப் பயன்படுத்தியதால், ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் தேடி எடுப்பது பெரும்பாடாக இருந்தது. இத்தொல்லையைத் தீர்க்க, அங்குப் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், 1989ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு திட்டக் குறிப்பை எழுதினார். எந்தக் கணினியில் உள்ள ஏடானாலும் ஓர் இணைப்பைத் தொட்டால் கண்முன் வரவேண்டும் என்பதே அதன் சாரம். வையவிரிவு வலை இவ்வாறுதான் பிறந்தது.

இதனினும் முக்கியமான நாள் ஒன்று உண்டு. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று, இத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் எழுத்துப்பூர்வமாக அறிவித்தது. ஒவ்வொரு பக்கத்திற்கும் உரிமத்தொகை கேட்டிருந்தால், அது செல்வந்தர் வீட்டு முற்றத்துக் கிணறாகவே நின்றிருக்கும். கேட்காததால் அது உலகத்தாரின் பொதுக் கிணறு ஆயிற்று.

இக்கிணறு கணினியின் இலக்கணத்தையே மாற்றியது. முன்பெல்லாம் ஒரு மென்பொருள் வேண்டுமெனில் அதனைக் குறுந்தகட்டில் வாங்கி, ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே நிறுவ வேண்டும். ஒரு வகைக் கணினிக்குச் செய்தது மற்றொன்றில் இயங்காது. இன்றோ கடிதம் எழுதுவதும், கணக்குப் போடுவதும், வரைபடம் பார்ப்பதும் உலாவி என்னும் ஒரே சாளரத்தின் வழியே நடைபெறுகின்றன. 2006ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம் தன் பெருங்கணினிகளின் ஆற்றலைப் பயன்பாட்டுக்கேற்ற கட்டணத்திற்கு வாடகைக்கு விடத் தொடங்கியது. அதன்பின், பெருமுதலீடு இல்லாத இளைஞரும் மென்பொருள் தொழில் தொடங்க வழி பிறந்தது. 2019 டிசம்பரில் வெப் அசெம்பிளி என்னும் முறை வலையின் அதிகாரப்பூர்வத் தரமாக அறிவிக்கப்பட்டது. கணினியில் நிறுவினால் மட்டுமே இயங்கிய கடினமான மென்பொருள்களையும் உலாவிக்குள்ளேயே விரைவாக இயக்க அது துணைபுரிகிறது. விலையுயர்ந்த கணினியை வைத்திருப்பவரே வல்லவர் என்ற நிலை மெல்ல மாறி வருகிறது.

தொழில்துறையைப் பாருங்கள். இரயில் பயணச்சீட்டுக்காக விடியற்காலையில் நிலையத்தில் வரிசையில் நின்ற நாட்களைப் பெரியோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2002ஆம் ஆண்டு ஐ.ஆர்.சி.டி.சி. இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. வரிமுறை வந்தபோது பதிவு, கணக்குத் தாக்கல், வரி செலுத்துதல் யாவும் வலைத்தளத்தின் வழியே என்றாயிற்று. 2018 ஏப்ரல் முதல், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு மின்வழிச் சீட்டு கட்டாயமானது. நம் கடைவீதியில் எத்தனை வியாபாரிகள் தம் கணக்கின் கடவுச்சொல்லைக்கூட அறியாமல் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு நிற்கின்றனர்! அவரவர் வீட்டிலேயே பட்டம் படித்த பிள்ளை இருக்கிறது. அப்பிள்ளைக்கு இப்பணி கற்றுத்தரப்படவில்லை.

இனிக் கல்விக்கு வருவோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை உலகத்தார் அனைவருக்கும் இலவசமாக வழங்கப்போவதாக 2001ஆம் ஆண்டு அறிவித்து, அடுத்த ஆண்டே வெளியிடத் தொடங்கியது. நம் நாட்டின் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. 2017இல் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வந்தது. ஐ.ஐ.டி.யில் இடம் கிடைக்காத மாணவரும் அங்குள்ள பேராசிரியரின் பாடத்தைத் தம் வீட்டிலிருந்தே கேட்கலாம்.

தமிழும் பின்தங்கிவிடவில்லை. ஒரு காலத்தில், ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழை வேறொரு கணினியில் திறந்தால் புரியாத குறிகளே தெரியும். ஒருங்குறி பரவிய பின் அத்தொல்லை பெரிதும் நீங்கியது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியே தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து அனைவருக்கும் வழங்கினர். 2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவற்றை எழுதியோரில் பெரும்பாலோர் கூலிக்கு எழுதவில்லை.

அன்பானவர்களே! கிணறு பொதுவாக இருந்தால் மட்டும் போதுமா? இறைப்பதற்குக் கயிறும் வாளியும் வேண்டாமா? இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைக் கூறியாக வேண்டும்.

2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டு, வகுப்புகள் கைப்பேசிக்கு மாறின. நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் இரு பிள்ளைகள், ஒரே கைப்பேசி. பன்னிரண்டாம் வகுப்பு மகனிடம் அது கொடுக்கப்பட்டது. ஒன்பதாம் வகுப்பு மகள் அண்ணன் முடிக்கும்வரை காத்திருந்தாள். அவன் முடிக்கும்போது அவளுடைய வகுப்பும் முடிந்திருக்கும். மீண்டும் பள்ளி திறந்தபோது, பாடம் புரியவில்லை என்று கூறி அவள் போகவில்லை. தந்தையும் வற்புறுத்தவில்லை. அவ்வீட்டின் நிலை நமக்கு அப்போதே தெரியும். "ஊர் முழுவதும் துன்பத்தில் இருக்கும்போது இதற்கென்ன செய்வது?" என்று நாமும் வாளாவிருந்தோம். அன்று ஒரு பழைய கைப்பேசியை எவரிடமாவது கேட்டு வாங்கித் தந்திருக்கலாம். கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போனதற்கு அத்தந்தையைவிட நாமே பொறுப்பு என்பதை இச்சபையில் ஒப்புக்கொள்கிறோம்.

வாளி கிடைத்தபின்னும் ஓர் ஆபத்து உண்டு. சில பெருநிறுவனங்கள் கிணற்றைச் சுற்றி வேலியிட்டு, தாம் காட்டுவதை மட்டுமே நம் பிள்ளைகள் பார்க்கும்படி செய்கின்றன. மணிக்கணக்கில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது கல்வியாகாது. நுகர்வோராக மட்டும் நிற்பவரைத் தொழில்நுட்பம் ஆளும். ஆக்குவோராக மாறுபவருக்கே அது ஊழியம் செய்யும்.

ஆக்குவது கடினமா? இல்லை. வலைப்பக்கம் எழுதும் ஹெச்.டி.எம்.எல். என்னும் மொழியைப் பழகக் கணினியில் ஏற்கெனவே உள்ள எளிய எழுதும் மென்பொருளும் ஓர் உலாவியும் போதும். கணினியின் உலாவியில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அது எவ்வாறு எழுதப்பட்டது என்னும் மூலத்தையும் அங்கேயே பார்க்கலாம். செய்முறையைத் திறந்து காட்டும் தொழிற்கூடங்கள் உலகில் எத்தனை உள்ளன?

ஆகவே, நிர்வாகப் பெருமக்களிடம் பணிவுடன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். மதரஸாவின் மாடி அறை மாலை நேரங்களில் பூட்டியே கிடக்கிறது. அலுவலகங்கள் கழித்துவிட்ட ஐந்து கணினிகளைப் பழுதுபார்த்து அங்கு வைப்போம். ஓர் இணைய இணைப்பு பெறுவோம். வாரத்தில் மூன்று நாட்கள் பெண்பிள்ளைகளுக்கும் மூன்று நாட்கள் ஆண்பிள்ளைகளுக்கும் ஒதுக்குவோம். பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் சகோதரிகள் இருவர் கற்பிக்க முன்வரட்டும். முதலாண்டில் வியாபாரிகளின் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவும், ஒரு வலைப்பக்கம் எழுதவும், ஸ்வயம் தளத்தில் ஒரு பாடத்தை முடிக்கவும் பத்துப் பேர் கற்றுக்கொண்டால் போதும். அடுத்த ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கிற்கு அடுத்த பக்கத்திலேயே அதன் விவரமும் அச்சாகட்டும்.

படிப்பை விட்ட அப்பிள்ளைக்கு இன்னும் வயது கடந்துவிடவில்லை. அறை திறக்கும் நாளில் முதலாவதாக அவளுடைய வீட்டுக் கதவைத் தட்ட நாமே செல்வோம். நீங்களும் உடன் வாருங்கள்.