கச்சான் காற்றும் ஊவாத் தேயிலையும்



கொட்டாஞ்சேனைத் தேநீர்க்கடையொன்றில் காலை வேளையில் பிளேன்டீ அருந்திக்கொண்டிருப்பவரிடம், "இஃது எந்தத் தோட்டத்துத் தேயிலை?" என்று வினவினால், அவர் வியப்போடு நோக்குவாரேயன்றி விடை சொல்லமாட்டார். கடைக்காரருக்கும் தெரியாது. பல தோட்டத்துத் தூள் ஒன்றாய்க் கலந்து பொட்டலமாக வந்தது, சூடாயிருக்கிறது, சீனி போதும், அவ்வளவே. ஆனால் அதே கொழும்பு மாநகரில், தேயிலைத் தரகரின் சுவைகாணும் அறையிலே வெண்பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். சுவைஞர் ஒரு கரண்டிச் சாற்றை ஓசையெழ உறிஞ்சி, வாயிலே ஒருகணம் சுழற்றி, உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்குச் செல்வார். தேர்ந்த நாவுடையார்க்கு, அஃது எம்மலையில் எப்பருவத்தில் விளைந்தது என்பது அந்த ஒரு கரண்டியிலேயே ஏறக்குறையப் புலப்பட்டுவிடும்.

பிரான்சு தேசத்தில் சாப்ளி என்றொரு சிற்றூர் உண்டு. இனிப்புச் சிறிதும் இல்லாத அவ்வூர் வெண்திராட்சை மது உலகப் புகழ் வாய்ந்தது. அங்குள்ள சுண்ணாம்பு மண்ணும் குளிருமே அச்சுவைக்குக் காரணம் என்பர். வேற்றூர்ச் சாறு அப்பெயரைச் சூடிக்கொள்ளாதபடி 1938ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்துகொண்டார்கள். மதுவைப் பற்றிய பேச்சு நம்மவர் சிலருக்கு உவப்பாயிராது. எனினும், ஒரு நிலத்தின் இயல்பு ஒரு பானத்தில் வந்து இறங்குவது எங்ஙனம் என்று அறிய விரும்புவோர் பிரான்சு வரை போகவேண்டியதில்லை. பதுளை ரயில் ஏறினாற் போதும்.

ஆண்டின் நடுவிலே தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நீரைச் சுமந்துவந்து, அட்டன் பக்கத்து மலைச்சரிவுகளில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. நடுமலைத் தொடரைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது அதனிடம் ஈரமில்லை. வெம்மையும் வேகமுமே எஞ்சியிருக்கின்றன. இதுவே கச்சான். மட்டக்களப்பாருக்கு இப்பெயரை விளக்க வேண்டியதில்லை. ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களில் அப்புத்தளை, பண்டாரவளை, பசறை மலைகளில் இக்காற்று வீசும்போது தேயிலைத் தூர் தளிர்ப்பதை மட்டுப்படுத்திக்கொள்கிறது. கொழுந்து சிறுக்கிறது. அச்சிறு கொழுந்திலேதான் வேறெங்கும் எளிதிற் காணவியலாத நறுமணம் திரள்கிறது. மூட்டுவலித் தைலங்களில் மணக்கிறதே, மெதைல் சாலிசிலேட் என்னும் பொருள், அதுவும் அந்நறுமணக் கூட்டில் ஒன்று என்பது இரசாயனம் கற்றோர் கண்ட உண்மை. தைலமணம் என்றவுடன் முகஞ்சுளிக்க வேண்டாம். தேநீரில் அது குளிர்ந்த மலைக்காற்றைப் போலத் தொண்டையில் இறங்குகிறது. டார்ஜிலிங், சீனத்துக் கீமுன் ஆகியவற்றோடு ஊவாவையும் சேர்த்து உலகின் முப்பெருந் தேயிலைகள் என்று வணிகர் போற்றுவது இப்பருவத்துத் தேயிலையைக் கருதியே.

பறித்த கொழுந்தைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் பரப்பி வாட்டுவார்கள்; பின் உருட்டுவார்கள்; சாறு கசிந்து காற்றுப்பட்டுச் செந்நிறமாகும் வரை விட்டுவைப்பார்கள். இதைத் தொழிலில் நொதித்தல் என்பர். ஆனால் திராட்சைச் சாறு மதுவாக நொதிப்பது வேறு, இது வேறு. மணப்பருவத்தில் இதற்குரிய நேரத்தைச் சுருக்கிக்கொள்வார்கள். சற்றே அயர்ந்தாலும் மணம் போய்விடும். பிறகுதான் சூட்டில் உலர்த்துதலும் சலித்துத் தரம் பிரித்தலும். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாக ஒடுங்குகிறது.

அப்புத்தளைக்கு அப்பால் தம்பேதன்ன தோட்டம் இருக்கிறது. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழிக்க, கோப்பித் தோட்டக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தேயிலைக்கு மாறினார்கள். 1890இல் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மளிகை வணிகர் தோமஸ் லிப்டன் இங்கு வந்து, இத்தோட்டத்தை விலைக்கு வாங்கினார். அவர் காலத்துத் தொழிற்சாலை இன்னும் நிற்கிறது. அவர் அமர்ந்து தம் மலைகளைப் பார்த்ததாகச் சொல்லப்படும் இடத்துக்கு உல்லாசப் பயணிகள் ஏறிச்செல்கிறார்கள். 1975இல் வெள்ளைக்காரக் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர், லயங்களில் இருப்போர் மாறவில்லை.

அவர்கள் மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய சீமைகளிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கூறுபோடப்பட்டு, எஞ்சியோர்க்கு 2003இல்தான் அக்குறை தீர்க்கும் சட்டம் வந்தது.

கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி நடந்தது. 2020இல், கொள்ளைநோயின் காரணமாக, அது கணினிக்கு மாறியது. ஏலத்தில் ஒவ்வொரு தேயிலையும் தன் தோட்டத்தின் பெயரோடேதான் வருகிறது, அப்பெயருக்கே விலை. தோட்டத்திலும் "பேர்" என்றொரு சொல் வழங்குகிறது. அங்கே அதற்கு ஒருநாட் கூலி என்பது பொருள். குறித்த கிலோ கொழுந்து பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர் என்று கணக்குப்பிள்ளை எழுதிவிடுவதுண்டு. மேலதிகமாகப் பறித்த ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு. அந்த முழுப்பேருக்கு 1000 ரூபாய் என்பது நெடுநாட் போராட்டத்தின் பின் 2021இல்தான் வர்த்தமானியில் ஏறிற்று.

இப்போது கச்சானை மறுபடி நினைத்துப் பார்க்கவேண்டும். கொழுந்து சிறுத்து, மணம் திரண்டு, ஊவாவின் பெயர் ஏலத்தில் உயர்ந்து நிற்கும் அதே வாரங்களில், மலையில் நிற்கும் பெண்ணின் கூடை நிறைவதில்லை. அதே நிரையில் இருமடங்கு நேரம் தேடிப் பறிக்கிறாள். தராசு அதை அறியாது. மேலதிகக் கிலோவுக்கான காசு அம்மாதங்களில் அவளுக்குக் கனவே. தேயிலையைச் சுவையால் மதிக்கிறோம். பறிப்பவளை எடையால் மதிக்கிறோம். மணப்பருவத்துக் கொழுந்துக்கு வேறொரு கணக்கு வைப்பது தொழிற்சங்கங்களுக்கும் கம்பெனிகளுக்கும் இயலாத காரியமன்று.

ஐப்பசியில் காற்றுத் திசைமாறி மழை இறங்கும். கொழுந்து மளமளவென்று பொங்கும். கூடைகள் கழுத்துவரை நிறையும். சுவைஞர் அம்மழைக்காலத்துச் சாற்றை ஒருமுறை உறிஞ்சி உமிழ்ந்துவிட்டு, குறைந்த விலையை எழுதி, அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார்.