அரக்குப் பொம்மை செய்யக் கடன் வாங்கலாமா?

(பெரணமல்லூரில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடைசல் இயந்திரம் வாங்கி, அரக்கு பூசிய மரப் பொம்மை செய்து விற்கக் கடன் வேண்டும் என்று ஒரு குழுவிலிருந்து தீர்மானம் வந்திருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் அரக்கு என்றால் என்ன, அது பெயிண்ட் மாதிரி டப்பாவில் வருமா என்று கேட்டால் நம்மில் பல பேருக்குப் பதில் தெரியவில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைத் தெரிந்து கொள்ள வேண்டும் இல்லையா?

அரக்கு நமக்குப் புதுசு இல்லை. தறியில் உட்காருகிற அக்காமார்களுக்கு அரக்குக் கலர் தெரியும். கல்யாணப் புடவைக்கு இன்றைக்கும் அந்தக் கலரைத்தான் பல பேர் கேட்கிறாங்க. அந்தப் பேரே அரக்கிலிருந்து வந்ததுதான். ரசாயனச் சாயம் வருவதற்கு முன்னால் பட்டுக்குச் சிவப்பு ஏற்ற அரக்கிலிருந்து எடுத்த சாயமும் பயன்பட்டது. அடகுக் கடையில் நகையை வைக்கும்போது, "உள்ளே அரக்கு இருக்கு, எடை கழிப்போம்" என்று சொல்வாங்களே, அதுவும் இதே அரக்குதான். கூத்து பார்த்தவர்களுக்கு அரக்கு மாளிகை தெரியும். அரக்கு சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதை அந்தக் கதையே நமக்குச் சொல்லி விட்டது. வேலை செய்கிற இடத்தில் அடுப்பையும் விளக்கையும் தள்ளி வையுங்கள்.

இந்த அரக்கைத் தருவது ஒரு சின்னப் பூச்சி. புரசு, இலந்தை மாதிரி மரங்களின் இளங்கிளையில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக் கொண்டு சாற்றை உறிஞ்சும். தன்னைக் காத்துக் கொள்ள உடம்பிலிருந்து ஒரு பிசினை விட்டு மூடிக் கொள்ளும். கிளையோடு வெட்டி, சுரண்டி, கழுவி, உருக்கி எடுத்தால் அரக்கு. நம் நாட்டில் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் இது அதிகம். காட்டை ஒட்டி வாழும் குடும்பங்களுக்கு அது ஒரு வருமானம். ராஞ்சி பக்கத்தில் நாம்கும் என்ற ஊரில் இதற்காகவே 1924இல் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார்கள். பேர் மாறி இன்றைக்கும் நடக்கிறது. சீனா, ஜப்பானில் சொல்கிற அரக்கு வேறு. அது ஒரு மரத்தின் பால். பச்சையாக மேலே பட்டால் உடம்பு தடித்து அரிக்கும். சலவைத் துணியில் குறி போடும் சேராங்கொட்டை இருக்கிறதே, அந்த வகையைச் சேர்ந்த மரம்தான் அதுவும். நம்முடைய பூச்சி அரக்கில் அந்தத் தொல்லை இல்லை. சுத்தம் செய்த அரக்கை மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகவே பூசுகிறார்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். கர்நாடகாவில் பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவில் சன்னபட்டணம். ஆந்திராவில் ஏட்டிகொப்பாக்கா. நம் தமிழ்நாட்டில் தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரம். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானை வைத்து விளையாடாத பெண்பிள்ளை தெற்குச் சீமையில் குறைவு. அடுப்பு, பானை, திருகை, உரல் என்று ஒரு முழுச் சமையலறையே ஓலைக் கொட்டானுக்குள் இருக்கும். மூன்று ஊரிலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

மரத்துண்டை இயந்திரத்தில் மாட்டிச் சுழல விட்டு, உளியால் கடைந்து உருவம் எடுப்பார்கள். பிறகு சொரசொரப்பு போகத் தேய்ப்பார்கள். அதற்கு அப்புறம் தூரிகையும் கிடையாது, டப்பாவும் கிடையாது. அரக்கைச் சூடாக்கி, கலரைச் சேர்த்து, மாவு பிசைகிற மாதிரி இழுத்து மடித்துக் குச்சியாக்கி வைத்திருப்பார்கள். அந்தக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பிடித்துக் கொள்ளும். உடனே தாழை ஓலையை வைத்து அழுத்தித் தேய்த்தால் சீராகப் பரவும், கண்ணாடி மாதிரி மின்னும். காய வைக்க வேண்டிய வேலையே இல்லை. பார்க்க ஐந்து நிமிட வேலைதான். ஆனால் எவ்வளவு அழுத்தணும், எப்போது கையை எடுக்கணும் என்பது கைக்குத்தான் தெரியும். அழுத்தம் குறைந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். அதிகமானால் கருகும். பட்டு நெசவில் பேட்டு சேர்க்கப் பழகியதை நினைத்துப் பாருங்கள். எத்தனை மாதம் ஆச்சு? இதுவும் அப்படித்தான்.

மரமும் முக்கியம். சன்னபட்டணத்தில் ஆலெ மரம் என்று சொல்வது நம்முடைய வெட்பாலைதான். சொறி சிரங்குக்கு இலையை எண்ணெயில் ஊற வைப்போமே, அதே மரம். வெள்ளையாக, நெருக்கமான இழையோடு இருக்கும். நம் பக்கத்துக் காடுகளிலும் உண்டு என்பதால் வெட்டி வந்து விடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். காப்புக் காட்டில் கை வைத்தால் வழக்குதான். விலைக்கு வாங்கினாலும் மாதக் கணக்கில் உலர வைத்த பிறகுதான் கடையணும். ஈர மரத்தில் அரக்கு பூசினால் பின்னால் மரம் வெடிக்கும், பொம்மை திரும்பி வரும்.

அடுத்தது கலர். நாங்கள் இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அரக்கில் தீங்கு இல்லை என்பதற்காக, அதில் எதைக் கலந்தாலும் தீங்கு இல்லை என்று ஆகாது. சில மஞ்சள், சிவப்புப் பொடிகளில் ஈயம் இருக்கும். குழந்தை எதை எடுத்தாலும் முதலில் வாயில்தானே வைக்கும்? ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படி ஒரு அளவு கிடையாது. வீட்டுப் பெயிண்டுக்கே 90 பிபிஎம் அளவுக்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல், ஈயம் கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி போட்டது. ஆகவே மலிவாகக் கிடைக்கிறதென்று பேர் தெரியாத கலர்ப்பொடியை வாங்காதீர்கள். ஏட்டிகொப்பாக்காவில் மஞ்சள், அவுரி போன்ற செடிச் சாயங்களைத் திரும்பக் கொண்டுவர உழைத்த சி.வி. ராஜூவுக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த ஊர்ப் பொம்மைக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. செடிச் சாயம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், வெயிலில் வைத்தால் வெளுக்கும். அதையும் வாங்குகிறவரிடம் சொல்லியே விற்க வேண்டும்.

அரக்குக்கு வேறு குறைகளும் உண்டு. சூடு ஆகாது. நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்தால் வெளுத்துப் போகும். ஸ்பிரிட் பட்டால் கரையும். பழைய வீட்டு மேசையில் சூடான காபி டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போட்ட பாலிஷாக இருக்கும். இந்தக் குணத்தை வைத்தே சோதித்தும் பார்க்கலாம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அடிப்பக்கம் தேய்த்தால் அரக்கு பிசுபிசுத்துக் கலரோடு வந்து விடும். எனாமல் பெயிண்ட் அவ்வளவு சுலபமாக வராது. சந்தையில் அரக்குப் பொம்மை என்று சொல்லி எனாமல் அடித்ததையும் விற்கிறாங்க. நாம் செய்தால் அந்த வேலை வேண்டாம்.

விற்பதற்கும் சட்டம் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொருளுக்கு அதில் விலக்கு உண்டு. அதனால் செய்கிற ஒவ்வொருவரும் கைவினைஞர் அடையாள அட்டை வாங்குவது முதல் வேலை. குழு பேரில் ஒன்று இருந்தால் போதும் என்று விட்டுவிட வேண்டாம். இன்னொன்று, சன்னபட்டணம் பொம்மை என்று பேர் போட்டு விற்கக் கூடாது. வேறு ஊரில் நெய்த புடவையை ஆரணிப் பட்டு என்று விற்றால் நமக்கு எப்படி வயிறு எரியும்?

ஆகவே எங்கள் கருத்து இது. முதலில் முழுக் கடன் எடுக்க வேண்டாம். குழுவில் ஆர்வமுள்ள இரண்டு பேர் அம்பாசமுத்திரமோ சன்னபட்டணமோ போய், ஒரு நாள் பார்த்து விட்டு வராமல், தங்கிப் பழகட்டும். சன்னபட்டணத்தில் பெண்களும் இயந்திரத்தில் உட்கார்ந்து கடைகிறாங்க, நம்மால் முடியாது என்று இல்லை. அவர்கள் திரும்பி வந்து செய்த பொருளைத் திருவண்ணாமலையில் மகளிர் குழுப் பொருள் விற்கும் இடத்தில் வைத்துப் பார்ப்போம். விற்றால் ஒரு இயந்திரத்துக்கு மட்டும் கடன். மரம், அரக்கு, கரண்ட் செலவு, உடைந்தது, திரும்பி வந்தது எல்லாவற்றையும் தினமும் நோட்டில் எழுதி, கையில் நின்ற கூலியைப் பார்த்த பிறகு அடுத்த இயந்திரம்.

பழகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுழலும் இயந்திரத்தின் முன்னால் முந்தானையைத் தொங்க விடாதீர்கள். தலையை இறுக்கி முடியுங்கள், வளையலைக் கழற்றி வையுங்கள், மரத்தூளுக்கு மூக்கைத் துணியால் கட்டுங்கள். கைக்குழந்தையோடு வேலைக்கு உட்காரக் கூடாது. போக விருப்பமுள்ளவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் உங்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள்.