தவணையும் நியமமும்

(தசலட்சண பர்வத்தின் ஒன்பதாம் நாள், உத்தம ஆகிஞ்சன்யம் குறித்து ஆற்றிய உரை)

 

‘எனதென்று ஒன்றுமில்லை’ என்னும் நிலையே ஆகிஞ்சன்யம். முழுமையாக அது துறவியர்க்கு உரியது. மயிற்பீலியும் கமண்டலமும் சாத்திரமும் அன்றி வேறொன்றும் கொள்ளாத முனிவரைப் பற்றி, வீட்டுக்கு இரண்டு தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருக்கும் நாம் மணிக்கணக்காகப் பேசிவிட்டுக் கலைந்து போவதில் எனக்கு அத்துணை விருப்பமில்லை. இல்லறத்தாரிடம் அவ்வறம் எவ்வடிவில் வந்து சேர்கிறது என்பதையே பேச எண்ணுகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலர்க்கு வியப்பளிக்கலாம். அது வீட்டுக்கடன்.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து நம் குடும்பங்கள் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் பெயர்ந்து இரண்டு தலைமுறை ஆகிறது. நம் பாட்டனார் காலத்திலும் கடன் இருந்தது. விதைக்கும் எருதுக்கும் வாங்கினார்கள். அறுவடை முடிந்ததும் அடைத்தார்கள். இன்றைய இளைஞர் முப்பத்தைந்து வயதில் கையெழுத்திடும் கடனுக்கு அறுவடை இருபது ஆண்டுகளுக்குப் பின் வருகிறது. ‘கடன்’ என்னும் சொல் தமிழில் கடமையையும் குறிக்கும், பட்ட பொருளையும் குறிக்கும். இரண்டாவது பொருள் பெருகிய வீடுகளில் முதற்பொருளுக்கு நேரமில்லாமற் போவதை நாம் கண்டுகொண்டிருக்கிறோம்.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். 30 இலட்சம் ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 8.5 விழுக்காடு வட்டி, 20 ஆண்டுக் காலம் என்று கொள்க. மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது வெறும் 4,785 ரூபாய். இருபதாண்டு முடிவில் வட்டியாக மட்டும் ஏறத்தாழ 32 இலட்சத்து 50 ஆயிரம் கட்டியிருப்போம். அதே கடனுக்கு முதல் மாதம் தொட்டு 5,000 ரூபாய் மிகுதியாகச் செலுத்தினால், கடன் 13 ஆண்டு 8 மாதத்தில் தீர்ந்துவிடும். வட்டியில் மிஞ்சுவது ஏறத்தாழ 11 இலட்சத்து 70 ஆயிரம். மிகுதியாகச் செலுத்தும் பணம் முழுவதும் அசலையே தொடுவதால் வரும் பயன் இது. தொடக்க ஆண்டுகளில் செலுத்துவதற்கே வலிமை மிகுதி. கடைசி மூன்றாண்டில் விழித்துக்கொண்டால் மிஞ்சுவது சொற்பம்.

மாறும் வட்டி வீட்டுக்கடன்களை முன்கூட்டியே அடைப்பதற்குத் தனிநபர்களிடம் அபராதம் பெறலாகாது என்று 2012இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஆணையிட்டுவிட்டது. இதை அறியாமல் ‘இடையில் கட்டினால் தண்டம் கேட்பார்களே’ என்று அஞ்சுவோர் நம்மில் இன்னும் இருக்கிறார்கள்.

ஐயாயிரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அதற்கு விடையாக, எங்கள் உறவில் ஒரு குடும்பத்தின் செய்தியை அவர்கள் இசைவோடு சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

கணவன், மனைவி இருவரும் சென்னையில் பணிபுரிகின்றனர். ஒரு மகள். கணவரின் தாயார் வந்தவாசிக்கு அருகே ஊரில் தனியாக இருந்தார். 2021இல் வட்டி குறைந்திருந்த வேளையில் புறநகரில் வீடு வாங்கினார்கள். இரண்டு அறை போதும் என்றிருந்தவர்கள், ‘அம்மா வந்தால் தங்க வேண்டுமே’ என்று மூன்றறை வீடாகப் பார்த்துக் கடனையும் கூட்டி வாங்கினார்கள். மறு ஆண்டு வட்டி ஏறத் தொடங்கியது. 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 விழுக்காட்டிலிருந்து 6.5க்கு உயர்ந்தது நினைவிருக்கும். அவர்களுடைய வங்கி தவணையைச் சிறிது கூட்டிற்று. காலத்தைப் பெரிதும் நீட்டிற்று. கடன் முடியும் ஆண்டு அவர் ஓய்வு பெறும் ஆண்டைத் தாண்டிப் போய் நின்றது.

அம்மாவுக்கென்று வாங்கிய அறையோ அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. அதில் ஓடாத நடைப்பயிற்சி இயந்திரம் ஒன்று, மகளின் பழைய தொட்டில், திறக்கப்படாத அட்டைப்பெட்டிகள், விசேஷங்களுக்குச் சென்றபோது கிடைத்த எவர்சில்வர் பாத்திரங்கள், தாம்பூலப் பைகள், மூன்று மிக்சிகள், இன்னும் என்னென்னவோ நிறைந்திருந்தன. தாயார் வந்தால் இரண்டு நாள் கூடத்தில் படுத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார். ‘எனக்கு ஒரு பாய் விரிக்க எடம் போதும், தம்பி’ என்று ஒருமுறை சொன்னாராம். அந்தப் பாய் அளவு இடத்துக்குத்தான் அவர்கள் மாதந்தோறும் வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

2023ஆம் ஆண்டுத் தசலட்சணத்தில் அவ்விருவரும் ஒரு நியமம் எடுத்தனர். இங்கே சற்று நூலுக்குள் செல்ல வேண்டும்.

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழிநின்று தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தாரின் விரதங்களை வகுத்துரைக்கின்றன. ஐந்து அணுவிரதங்களுள் ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. நமக்குரிய பொருள் இவ்வளவு என்று அளவு வரைந்துகொண்டு, அதற்கு மேற்பட்டதில் ஆசையை நீக்குவது. குணவிரதங்களுள் ஒன்று போக உபபோக பரிமாணம். உணவு போல ஒருமுறை நுகர்ந்தவுடன் தீர்ந்துவிடுவது போகம். ஆடை, அணி போல மீண்டும் மீண்டும் நுகர்வது உபபோகம். இரண்டுக்கும் அளவு வைத்தல். அதிலும் இருவகை உண்டு. வாழ்நாள் முழுதும் கொள்வது யமம். ஒரு நாள், ஒரு திங்கள், ஓராண்டு என்று கால எல்லையோடு கொள்வது நியமம். உடல் நலத்துக்கென்று சொல்லும் உணவுத் திட்டங்கள் மூன்று வாரத்தில் கைவிடப்படுவதற்குக் காரணம், அவற்றை யாரும் எல்லை வகுத்து, நாள் குறித்து, பிறர் அறியச் சொல்லி ஏற்பதில்லை என்பதே என்று நான் கருதுகிறேன்.

மிகுபொருள் விரும்பாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்களை ஆசாரியர் எண்ணுகிறார்: அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், உலோபம், அதிபாரவஹனம். பேராசையால் தேவைக்கு மேல் வாகனங்களை ஓட்டுவது முதலாவது. அளவின்றிச் சேர்த்து வைப்பது இரண்டாவது. விஸ்மயம் என்பது பிறர் செல்வத்தைக் கண்டு வியந்து ஏங்குதல். நம் புதுமனை புகுவிழாக்களுக்குச் சென்று வருவோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைசிக் குற்றம் எருதின் மேல் தாங்க முடியாத சுமை ஏற்றுதல். இப்போது எருது இல்லை; தவணை கட்டும் மகனும் மருமகளும் இருக்கிறார்கள்.

அவர்கள் எடுத்த நியமம் மூன்று கூறுடையது. ஓராண்டுக்கு, பழுதானதற்கு மாற்றாக அன்றி வீட்டுக்குப் புதுப்பொருள் வாங்குவதில்லை. வீட்டில் இருப்பவற்றை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வேண்டாதவற்றை வெளியேற்றுவது. பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை.

எழுதத் தொடங்கியபோதுதான் பொருளின் உண்மை தெரிந்ததாம். பரணில் மட்டும் பதினான்கு டிபன் பெட்டி. பழைய பொருள்களை விற்று வந்த தொகை 38,000 ரூபாய். அதை அப்படியே கடனில் கட்டினார்கள். விற்ற பணத்தால் வீட்டுக்கடன் தீர்ந்துவிடும் என்று எவரும் மயங்க வேண்டா. அந்தக் குறிப்பேட்டின் பயன் வேறு. எந்த வழியாகப் பணம் வெளியேறியிருக்கிறது என்று அது வரிவரியாகக் காட்டிவிட்டது. வாங்கும் கை தானே தயங்கிற்று. எல்லாம் முடிய நான்கு மாதம் ஆனது. ஐந்தாம் மாதம் தாயார் வந்தார்.

கொடுப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிழிந்த சேலையையும் காது உடைந்த குக்கரையும் ஊரில் உள்ள ஏழைக்கு அனுப்பிவிட்டுத் தானம் செய்தோம் என்பது தகாது. நம்மிடம் குப்பையாக இருந்தது அவரிடமும் குப்பையே. நல்லது மட்டும் கொடுக்கத் தக்கது.

வேறொன்றும் உண்டு. வீட்டைத் துப்புரவு செய்யும் ஆர்வத்தில், ஊரில் உள்ள பழைய வீடுகளின் மரப்பெட்டிகளைத் திறக்கும் இளைஞர்கள் அங்கே கிடக்கும் ஏடுகளையும் பழைய அச்சு நூல்களையும் பழைய தாள்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அந்நூலின் சமயப் பொருளை அவர்க்கு விளக்கியவர்கள் கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தார். வழிவழியாக வீட்டில் வைத்துப் படித்து வந்ததால்தான் அவர்களால் அது இயன்றது. ஐயம் இருந்தால் மேல்சித்தாமூர் மடத்துக்கு ஒரு சொல் அனுப்பிக் கேளுங்கள்.

உணவுக்கு வருவோம். மாத வரவு செலவை அவர்கள் எழுதிப் பார்த்தபோது, கைப்பேசிச் செயலி வழியாக வரவழைத்த உணவுக்கும் வெளியில் உண்டதற்கும் மாதம் 7,000 ரூபாய் ஆகியிருந்தது. பெரும்பகுதி இரவு ஒன்பது மணிக்கு மேல். பொழுது சாயுமுன் உண்பது என்று வைத்தபின் அச்செலவு தானே அறுந்தது. ‘அலுவலகம் ஏழு மணிக்கு முடிகிறதே, எப்படி இயலும்?’ என்று பலர் கேட்கிறார்கள். இவர் காலையிலேயே இரண்டு டப்பா எடுத்துச் செல்கிறார். மாலை ஐந்தரைக்கு அலுவலகத்திலேயே இரண்டாவதைத் திறந்துவிடுகிறார். முதல் மாதம் உடன் பணிபுரிவோர் கேலி செய்தார்களாம். இப்போது இருவர் அவரோடு அமர்கிறார்கள். 7,000 இப்போது 2,000க்குள் அடங்குகிறது. நான் முன்பு சொன்ன ஐயாயிரம் இதுவே.

புறத்தவங்களுள் அவமௌதர்யம் என்பது வயிறு நிரம்பும் அளவினும் குறைத்து உண்பது. இரசபரித்தியாகம் என்பது பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு என்னும் ஆறு சுவைப் பொருள்களுள் ஒன்றையோ பலவற்றையோ விடுவது. உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு இன்று சொல்கிறது. நம் பாட்டிமார் வாரத்துக்கொரு நாள் உப்பின்றி உண்டபோது நாம் முகம் சுளித்தோம். அந்த வீட்டில் தாயார் வந்தபின் எண்ணெய்ப் பலகாரம் குறைந்தது. கேழ்வரகும் பச்சைப்பயறும் வந்தன. எல்லைக்கோட்டில் நின்ற அவருடைய சர்க்கரை அளவு இறங்கியது. நியமம் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். மாலை நடையும் உண்டு, மருத்துவர் அறிவுரையும் உண்டு. ஏற்கெனவே மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் உணவு வேளையை மாற்ற வேண்டா.

கடனைப் பொறுத்துச் சில எச்சரிக்கைகள். கடனட்டைப் பாக்கியோ தனிநபர் கடனோ இருந்தால் அதன் வட்டி மிகப் பெரிது. அதை முதலில் தீருங்கள். ஆறு மாதச் செலவுக்குரிய பணத்தைக் கையிருப்பில் வைத்த பின்னரே மிகுதியைக் கடனில் செலுத்துங்கள். மருத்துவக் காப்பீட்டை நிறுத்தி அப்பணத்தைக் கடனில் கட்டுவது அறிவுடைமை ஆகாது. மிகுதிப் பணம் கட்டும்போது, தவணைத் தொகையைக் குறைக்க வேண்டா, காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் பெற்றவர்க்கு அளிக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி நெறி வகுத்துள்ளது. அதைக் கேட்டுப் பெறுங்கள்.

‘கடன் இருந்தால் வருமான வரி மிச்சமாகுமே’ என்பார் உளர். பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 2 இலட்சம் வரை வட்டிக் கழிவு உண்டு. புதிய முறையில் அதுவும் இல்லை. உள்ள முறையிலும், நூறு ரூபாய் வட்டி கட்டினால் மீள்வது முப்பது ரூபாய் அளவே. எஞ்சிய எழுபது போனது போனதே.

கடன் முழுதும் தீர்ந்தால் மூல ஆவணங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள விதி. ஆவணம் கைக்கு வந்ததோடு ஓய்ந்துவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவண ஒப்படைப்புப் பதிவை நீக்கும் இரசீதைப் பதிந்து, வில்லங்கச் சான்றிதழிலும் அது ஏறியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல குடும்பங்களில் தந்தை அடைத்துவிட்ட கடன், மகன் வீட்டை விற்க முனையும்போது வில்லங்கத்தில் எழுந்து நிற்கிறது.

அந்தக் குடும்பத்தின் கடன் இன்னும் தீர்ந்துவிடவில்லை. மாதம் ஐயாயிரமும் ஆண்டுதோறும் ஊக்கத்தொகையில் ஒரு பகுதியும் கட்டி வருகிறார்கள். நீண்டுபோன ஆண்டுகள் கழிந்து, முடிவு அவருடைய ஐம்பத்தைந்தாம் வயதுக்கு முன்னே வந்துவிட்டது. நியமத்தை ஒவ்வொரு தசலட்சணத்திலும் ஓராண்டுக்கென்று புதுப்பிக்கிறார்கள்.

நாளை அனந்த சதுர்த்தசி. உபவாசம் ஏற்போர் பலர் இருப்பீர்கள். சமையல் வேலை இராது. நண்பகலில் பூசை முடிந்து வீடு திரும்பியபின் ஓர் அலமாரியைத் திறந்து, உள்ளிருப்பதை எழுதிப் பாருங்கள். ஒன்றே போதும், மற்றவை அடுத்த வாரம் ஆகட்டும்.