மொய் விருந்தும் அரிசி வங்கியும்

(மைசூர் விஜயநகரில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் விருந்துக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஒரு வாரமாகக் குழாயடியிலும் டீக்கடையிலும் நம் குழுவைப் பற்றி ஒரு கேள்வி உலவுகிறது. "பசித்தவனுக்கு அரிசி கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு, முதலில் நாமே பந்தி போட்டுக் கறிச்சோறு தின்பதா? அந்தச் செலவுக்கும் சேர்த்து அரிசியாகவே வாங்கிவிடலாமே!" நியாயமான கேள்வி. கேட்டவர்கள் மேல் நமக்கு வருத்தம் இல்லை. பதில் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

மொய் விருந்து நமக்குப் புதிதல்ல. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்திலிருந்து வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆடி, ஆவணி வந்தால் அந்த ஊர்களில் பந்தல் போட்டு, ஆடு அறுத்து, நோட்டை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். வட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் மகள் கல்யாணத்துக்கும், ஆழ்குழாய்க் கிணற்றுக்கும், கடைக்கு முதல் போடவும் பணம் திரட்ட உழவர்கள் கண்ட வழி அது. வாங்கிய மொய்யை அடுத்தவர் விருந்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாதவர் பெயர் கெட்டுப்போகும். அதே விருந்தைப் பொதுக் காரியத்துக்கும் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள். 2024 ஜூலை 30இல் வயநாட்டில் மலை சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டபோது, திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையில் மொய் விருந்து வைத்து நிவாரணத்துக்குப் பணம் சேர்த்தார்கள். அதைப் படித்த பிறகுதான் நமக்கும் இந்த எண்ணம் வந்தது.

உணவு வங்கி என்ற பெயர் 1967இல் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் பிறந்தது. கடைகளில் வீணாய்ப் போகிற உணவைச் சேர்த்துவைத்து இல்லாதவருக்குக் கொடுக்க ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கினார். அதற்குச் சரியாக நூறு ஆண்டுக்கு முன்னால், 1867இல், வடலூரில் வள்ளலார் தருமச்சாலை அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. ஆகவே பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

போன தடவை நாம் நடத்திய விருந்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மண்டபம் பிடித்தோம். மைக்செட் வைத்தோம். மேடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சால்வை போட்டோம். கணக்கு முடித்தபோது அரிசிக்கு மிஞ்சியது மூன்று மூட்டை. சால்வைக்குப் போன காசில் இன்னும் ஒரு மூட்டை வந்திருக்கும். அதைவிடப் பெரிய தவறு மைக்கில் நடந்தது. இன்னார் ஐயாயிரம், இன்னார் ஐம்பது என்று பெயர் சொல்லி வாசித்தோம். ஐம்பது என்று வாசிக்கப்பட்ட சகோதரி, தொழிற்பேட்டையில் பெருக்குகிற வேலை, இலையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த ஐம்பதின் கனம் மைக் பிடித்தவருக்குத் தெரியவில்லை. மைக் பிடித்தவர் நம் குழுவைச் சேர்ந்தவர்தான்.

அப்படியானால் விருந்தே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? வேண்டாம் என்று நமக்குத் தோன்றவில்லை. ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனால், கொடுக்கிற கட்சி, வாங்குகிற கட்சி என்று தெருவே இரண்டாகிவிடுகிறது. பந்தியில் யார் கொடுத்தவர், யார் நாளை அரிசி வாங்கப் போகிறவர் என்று பரிமாறுகிறவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. ஆகவே இம்முறை மைக் கிடையாது. நோட்டில் தொகை மட்டும் எழுதப்படும், பெயர் எழுதப்படாது. கடைவாசலில் ஒரு மூடிய குடம் இருக்கும். போடுகிறவர் போடலாம், போடாதவரும் வயிறு நிறையச் சாப்பிடலாம்.

இதற்கும் ஒரு பழைய பாடம் உண்டு. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. அதற்கு முன்பே, 22ஆம் தேதி நள்ளிரவோடு பயணிகள் வண்டி எல்லாம் நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற நமக்கே ஊருக்குப் போக வழியில்லை. தொழிலாளர் சிறப்பு வண்டிகள் மே 1ஆம் தேதிதான் ஓடத் தொடங்கின. இடைப்பட்ட ஐந்து வாரம் ஹிங்கல் பக்கத்துக் கட்டடக் கொட்டகைகளில் நம் மக்கள் என்ன தின்றார்கள்? நாம் பொட்டலம் கட்டிக்கொண்டு போனோம். கொடுக்கும்போது போட்டோவும் எடுத்தோம். தருமபுரிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, "என் மகள் இந்தப் படத்தை ஊர்ல பார்ப்பா ஐயா, நான் இங்க நல்லா இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார். அன்றோடு போட்டோவை விட்டோம்.

அவர் பையில் தமிழ்நாட்டு ரேஷன் அட்டை இருந்தது. அன்று அது இங்கே செல்லாது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபர் 1ஆம் தேதிதான். எல்லா மாநிலமும் அதை 2021 ஜூலை 31க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்சநீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 29இல் தீர்ப்புச் சொன்னது.

இன்றைய நிலை என்ன? வீட்டுக்குப் போனதும் உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். பி.எச்.எச். என்ற எழுத்து இருந்தால், இந்த மைசூர் நியாயவிலைக் கடையிலேயே தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் உங்களுக்கு உண்டு. 2023 ஜனவரியிலிருந்து அதற்குக் காசும் இல்லை. முன்னால் 'என்' சேர்ந்து என்.பி.எச்.எச். என்று இருந்தால், ஊரில் அரிசி உண்டு, இங்கே இல்லை. காரணம், தமிழ்நாட்டில் எல்லாருக்கும் ரேஷன் என்பது மாநிலத்தின் ஏற்பாடு. எல்லை தாண்டி வருவது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பங்கு மட்டும். கர்நாடக அரசு தன் செலவில் கூடுதலாகக் கொடுப்பது கர்நாடக அட்டைக்கு. இரண்டு அரசுக்கும் நடுவில் விழுந்து கிடப்பவன் நம் ஆள். அந்தச் சட்டத்தின் பயனாளிக் கணக்கும் 2011 மக்கள்தொகையை வைத்துப் போட்டது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குப் பசிக்காதா? இதோடு, சிமெண்டு தின்ற விரலில் ரேகை பதியவில்லை என்று இயந்திரம் திருப்பி அனுப்புகிற கதை வேறு.

இளம் தோழர்கள் சிலர் கேட்டார்கள்: "அரசு செய்ய வேண்டியதை நாம் செய்தால் அரசு தப்பித்துக்கொள்ளுமே?" இதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1876 முதல் 78 வரை அடித்த பஞ்சத்தில் மைசூர் சமஸ்தானத்து மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மடிந்தது. நாம் வேலை பார்க்கிற பெங்களூர்–மைசூர் ரயில் பாதையே அந்தப் பஞ்ச நிவாரண வேலையாகத் தொடங்கியதுதான். 1882இல் மைசூர் வந்து சேர்ந்தது. அதே பஞ்சத்தில், 1877இல், சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்து நிவாரணத் தொழிலாளியின் தானியத்தை நாளைக்கு ஒரு பவுண்டு என்று வெட்டினார். அரைக் கிலோவுக்கும் குறைவு. பம்பாய் மாகாணத்தில் எலும்பும் தோலுமாய் இருந்தவர்கள் வேலைக்குப் போக மாட்டோம் என்று மறுத்தார்கள். கஞ்சிக்குக் கை நீட்டியவர்கள்தான் அளவையும் கேட்டார்கள். ஆகவே நம் அரிசி அறையில் இரண்டு நோட்டு இருக்கும். ஒன்று, வந்த அரிசி, போன அரிசி. மற்றொன்றில், வந்தவருக்கு ரேஷன் ஏன் கிடைக்கவில்லை என்ற காரணம்: அட்டை இல்லை, எழுத்து வேறு, ரேகை விழவில்லை, கடைக்காரர் திருப்பிவிட்டார். அந்த நோட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உணவுத் துறை அலுவலகத்துக்கு மனுவாக எடுத்துப் போவோம். அங்கேயும் பெயர் வேண்டுமா என்பதை வந்தவரே சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று. "நம்மவர்களுக்கு மட்டும்" என்று குழுவில் ஒரு கருத்து வந்தது. நம்மில் நாற்பது தாண்டியவர்களுக்கு 1991 டிசம்பர் மறந்திருக்காது. காவிரியின் பெயரால் இந்த ஊரிலும் நம் வீடுகள் மேல் கல் விழுந்தது. அந்த இரவுகளில் நம்மை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டி, முத்தே உருட்டிப் போட்டதும் கன்னடக் குடும்பங்கள்தான். நம் அரிசி அறைக்கு ஒடிசாக்காரர் வந்தாலும், பீகார்க்காரர் வந்தாலும், பக்கத்து வீட்டு அஜ்ஜி வந்தாலும் ஒரே படி. குழு இதை ஓட்டுக்கு விட்டது. நான்கு பேர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் இருவர் இன்று சமையல் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள்.

இனி வேலை. மண்டபம் இல்லை, தெருவை அடைத்துப் பந்தல். ஒரே கறி, ஒரே ரசம். சைவக்காரருக்குத் தனி அடுப்பு, அதற்கு வாழைக்காய் வாங்க இன்னும் ஆள் அகப்படவில்லை. செலவுக் கணக்கு மறுநாள் மாலைக்குள் வாசலில் ஒட்டப்படும். ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு வெங்காயம் உரிக்கப் பன்னிரண்டு பேர் தேவை. இதுவரை பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் பெண்கள். ஆண்களில் இரவுப் பணி இல்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் நோட்டில் எழுதிவிட்டுப் போகவும். கத்தி அவரவர் வீட்டிலிருந்து.