குவளாலபுரத்து மன்னர்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நாம் புகைவண்டி நிலையத்தில் பணிபுரியும் எழுத்தரே. பள்ளியிறுதி வகுப்போடு கல்வியை நிறுத்தியவர். வரலாறு பேச முன்வந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டியில், பிழைப்புக்காகப் பெங்களூர் செல்லும் நம்மவரை நாள்தோறும் காண்கிறோம். ஒருநாள் சீட்டுப் பெற வந்த இளைஞர் ஒருவர், "ஐயா, தங்கத்துக்காகத்தானே நம் பாட்டன்மார் இங்கு வந்தனர்? 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இனி இவ்வூருக்கும் நமக்கும் என்ன உறவு?" என்றார். அவருக்குப் பின்னே வரிசை நீண்டிருந்தது. விடை கூற இயலவில்லை. அவ்விடையை இன்று இம்மேடையில் கூற முற்படுகின்றோம்.

நம் கோலாருக்குப் பழம்பெயர் குவளாலபுரம். ஏறத்தாழ 4-ஆம் நூற்றாண்டில் கங்க மரபினர் இங்கிருந்தே அரசாளத் தொடங்கினர். பின்னர்த் தலைநகர் காவிரிக்கரைத் தலைக்காட்டுக்கு மாறியது. எனினும் 'குவளாலபுரத்துத் தலைவர்', 'நந்திமலை நாதர்' என்னும் பட்டங்களை அவர்கள் விட்டாரல்லர். அவர்க்கு அண்டையில், மாவலிச் சக்கரவர்த்தியின் வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கூறிக்கொண்ட வாணர் ஆண்டனர்.

இவர்கள் பேரரசர் அல்லர். ஒருபுறம் பல்லவரும் சோழரும், மறுபுறம் சாளுக்கியரும் இராட்டிரகூடரும் நிற்க, இடையில் வாழ்ந்த சிற்றரசர். படைத்துணையாலும் மணவுறவாலும் தம் நாட்டைக் காத்தனர். கங்கன் முதலாம் பிருதிவீபதி, பல்லவன் அபராசிதனுக்குத் துணை நின்று, பாண்டியனை எதிர்த்துப் பொருது, கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள திருப்புறம்பியத்தில் உயிர் துறந்தான். சோழன் முதலாம் பராந்தகன் வாணரை வென்று, அவர் நாட்டையும் பட்டத்தையும் இரண்டாம் பிருதிவீபதிக்கு அளித்தான். 'செம்பியன் மாவலிவாணராயன்' என்னும் அவன் பெயரில் சோழமும் வாணமும் ஒருங்கே அமைந்திருத்தல் காண்க. ஒருவர் வீழ மற்றொருவர் வாழ்வதே அக்காலச் சிற்றரசர் நிலை. கங்கர்க்கும் அந்நாள் வந்தது. ஏறத்தாழ 1004-இல் தலைக்காடு சோழர் வசமாயிற்று. கோலாரம்மன் கோயிலில் இன்றும் நாம் காணும் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அதன் பின் எழுந்தவை.

இதனைக் கேட்டு, "இது நம் நாடு" என மார்தட்ட வேண்டா. கங்கர் கன்னட மொழியைப் போற்றி வளர்த்தவர். அவர்தம் அமைச்சர் சாவுண்டராயர் 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிரவணபெளகொளத்தில் கோமதேசுவரர் சிலையை எழுப்பினார். அதன் அடியில் அச்செய்தி கன்னடத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது, தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அக்கல்லில் இரு மொழிகளும் பூசலின்றி நிற்கின்றன.

முடிவாக ஒன்று. கங்க அரசு அழிந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் இருந்தான். குவளாலபுரம் அவன் கையில் இல்லை; ஆயினும் அவ்வூர்ப் பெயரைப் பட்டமாகத் தாங்கினான். அவன் வேண்டுகோளுக்கிணங்கியே பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். நம் பிள்ளைகள் எழுத்தும் சொல்லும் பயிலும் அந்நூல், கோலாரின் பெயரைச் சுமந்தவன் கேட்டுப் பெற்ற செல்வமாகும்.

ஆகவே அவ்விளைஞருக்கு நாம் கூறும் விடை இது: தம்பி, ஊரோடு உள்ள உறவு கூலியோடு முடிவதன்று. பாட்டன் இங்கே பாறைக்கு அடியில் உழைத்தான். அவனுக்கு முன்னரே நம் மொழி இங்கே பாறைமேல் எழுதப்பட்டிருந்தது. அரசிழந்தவன் ஊரை மறவாதபோது, வேலையிழந்த நாம் ஏன் மறக்க வேண்டும்?

பெற்றோர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கோலாரம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்று அக்கல்லெழுத்துகளைக் காட்டுங்கள். வீட்டில் நன்னூலைக் கற்பியுங்கள். கன்னடத்தையும் பிழையறக் கற்பியுங்கள். இவ்விரண்டும் உடையவர் எவ்வண்டியில் ஏறி எங்குச் சென்றாலும் இவ்வூர்க்கு அயலார் ஆகார்.