உச்சிக்குழி வழியே ஓர் ஒலி

வானொலிக்காரர்களுக்கு ஒலிதான் பிழைப்பு. ஆனால் இன்று பேசப்போவது உங்கள் காதுக்கு எட்டாத ஒலியைப் பற்றி. நம் செவி விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியின் அதிர்வுகள் கோடியைக்கூடத் தொடும்.

அந்த ஒலி எங்கே உதவுகிறது, பாருங்கள். வயிற்றிலேயே ஒரு குழந்தை இறந்துவிடுகிறது. ஏன் இறந்தது, அடுத்த பிள்ளைக்கும் இப்படி ஆகுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றதும் வாயடைத்துப் போகிறார்கள். இங்கிலாந்தில் இந்தத் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. லிவர்பூலின் ஆல்டர் ஹே மருத்துவமனையில், இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமலே எடுத்து வைத்திருந்தது 1999-ல் அம்பலமானது. அதன் விளைவாக 2004-ல் சட்டமே புதிதாக வந்தது. கத்தி இல்லாமல் பார்க்க வழி உண்டா என்று லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை போன்ற இடங்களில் தேடினார்கள். முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு செலவு குறைந்த அல்ட்ராசவுண்ட்.

மூளை விஷயத்தில் கத்தியே தோற்றுவிடுகிறது. சிசுவின் மூளையில் நீர்தான் அதிகம். இறந்தபின் இன்னும் இளகும். மண்டையோட்டைத் திறந்தால் உருவம் நிற்காது. மூடியிருக்கும்போதே பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கு வாசல், பாட்டிமார் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி. எலும்பு ஒலியை மறிக்கும். அங்கே எலும்பு கிடையாது.

உயிரோடிருந்தபோது நடுவில் தாயின் வயிறு இருந்தது, பிள்ளையும் புரண்டது. இப்போது எதுவும் அசையாது. சொல்லவே மனம் வரவில்லை, ஆனால் படம் தெளிவாக விழுவது அதனால்தான். 20 வாரம் வரை ஏறக்குறைய வழுவழுப்பாக இருக்கும் மூளைமேல் பிறகு மடிப்புகள் விழத் தொடங்கும். அவற்றைக் கொண்டே வளர்ச்சியைக் கணிக்கலாம். நீர் அறைகள் வீங்கினவா, இரத்தம் கசிந்ததா, இரு பாதிகளை இணைக்கும் பாலம் உருவாயிற்றா என்றும் தேடுவார்கள். இறந்த குழந்தை பல நாள் உள்ளேயே தங்கிவிட்டால் மண்டை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படம் கலங்கிவிடும்.

இறந்த உடலில் ஸ்கேனா என்று விநோதமாகத் தோன்றலாம். ஆனால் தொடக்கமே உயிரற்ற சதையில்தான். மகப்பேறு மருத்துவத்தில் அல்ட்ராசவுண்டைப் புகுத்திய கிளாஸ்கோவின் இயன் டொனால்டு, 1955-ல் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் தேடும் கருவி அங்கே இருந்தது. அவர் கொண்டுபோனவை அறுவையில் வெட்டியெடுத்த கட்டிகள். ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு துண்டு மாட்டிறைச்சியும் வாங்கி வைத்திருந்தார்களாம்.