ஆடலிசையில் ஒரு குரல்

நம் கர்நாடக சங்கீத வித்துவான்களுக்கு வயது ஏற ஏற மதிப்பும் ஏறுவதை நாம் கண்டிருக்கிறோம். ஆடலிசைக்கு அந்தப் பேறு இல்லை. அது பருவக் காற்றைப் போன்றது. அதனைப் பாடுவோரின் புகழும் அக்காற்றோடு எழுந்து அக்காற்றோடு அடங்குகிறது. இதற்கு நாஸியா ஹசனின் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டு.

1965இல் கராச்சியில் பிறந்த அவர், 1980இல் வெளிவந்த 'குர்பானி' என்னும் இந்திப் படத்தில் ஒரே ஒரு பாட்டுப் பாடினார். அப்போது அவருக்கு வயது 15. அப்பாட்டுக்கு இசையமைத்த பித்து, பெங்களூரில் பிறந்து லண்டன் சென்று பெயர் பெற்றவர். பயிற்சியால் மெருகேறிய பின்னணிக் குரல்களையே கேட்டுப் பழகிய நம் செவிகளுக்கு, மேனாட்டுத் தாளத்தின்மேல் மிதந்து வந்த அந்த இளங்குரல் புதுமையாக இருந்தது. 1981இல் ஃபிலிம்ஃபேர் விருது அவரைத் தேடி வந்தது. அதே ஆண்டு, தம்பி ஸோஹேபுடன் அவர் பாடிய 'டிஸ்கோ திவானே' இசைத்தட்டு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பெருவெற்றி கண்டது. எல்லைக்கோடு இருநாட்டு இளைஞரின் செவிகளைப் பிரிக்கவில்லை.

ஆயினும் புதுமை விரைவில் பொதுவுடைமையாகிவிடும். 1982இல் வந்த 'டிஸ்கோ டான்ஸர்' முதலிய படங்கள் அவ்விசையைத் திரையுலகின் அன்றாடச் சரக்காக்கின. அதே ஆண்டில் நாஸியாவின் பாடல்கள் இடம்பெற்ற 'ஸ்டார்' படம் வெற்றி பெறவில்லை. அந்தப் பத்தாண்டின் இறுதியில் இந்தித் திரையிசை மீண்டும் மெல்லிசைப் பக்கம் திரும்பியது. 1992இல் வெளிவந்த 'கேமரா கேமரா' பழைய ஆரவாரத்தை எழுப்பவில்லை. அதுவே அவருடைய கடைசித் தொகுப்பாயிற்று.

இதனை வீழ்ச்சி என்று மட்டும் சொல்லிவிடலாமா? புகழைத் துரத்திக்கொண்டு அவர் ஓடவில்லை. லண்டனில் சட்டம் பயின்றார். போதைப்பொருளுக்கு எதிரான பணியில் ஈடுபட்டார். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், நுரையீரல் புற்றுநோயால், 35ஆம் வயதில் லண்டனில் மறைந்தார்.

2012இல் வந்த ஓர் இந்திப் படத்தில் அவருடைய பழைய குரலையே மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். அவர் பாடியபோது பிறந்தேயிராத இளைஞர்கள் அதற்கு ஆடினார்கள். பருவம் போனாலும் விதை நிலத்தில் கிடக்கும். உரிய மழை வரும்போது முளைக்கும். கலைஞரின் மதிப்பை விற்பனைக் கணக்கால் மட்டும் அளக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?